லாபம், ரெண்டு, மூணு

ஃபிளோராவின் மேசையில் ஊறுகாய் பாட்டில் ஒன்று நிறைய நெல் இருந்தது. பூதலூர் களத்திலிருந்து வரவழைத்த குறுவை நெல். அதன் அருகில் அந்தக் களத்தில் இருக்கும் அதே ரக ஈரப்பத மீட்டர், அதே ரக ஐபேடு, ஐபேடுக்குள் அவளே எழுதிய செயலி. காலையிலிருந்து அவள் கப்பில் நெல்லைக் கொட்டுவதும், திரையில் ‘அளவெடு’ என்பதைத் தொடுவதும், எண் வந்ததும் கப்பைக் கவிழ்த்து மறுபடி கொட்டுவதுமாக இருந்தாள். மேசை, கீபோர்டு, மடி என்று எங்கும் நெல். செயலி மட்டும் கல்லுப்பிள்ளையார் மாதிரி அசையாமல் உட்கார்ந்திருந்தது.

அங்கே களத்தில் அது தினமும் விழுகிறது. விழுவது என்றால், திரையில் இருந்தது எல்லாம் சட்டென்று மறைந்து ஐபேடின் முகப்பு வந்து நிற்கும். ஒரு எச்சரிக்கை கிடையாது, மன்னிப்பு கிடையாது. மறுபடி திறந்தால் நல்ல பிள்ளையாக வேலை செய்யும்.

பொன்வயல் உழவர் கம்பெனி என்பது அந்தச் சுற்றுவட்ட விவசாயிகள் பங்கு போட்டு நடத்துவது. பல களங்களில் நெல்லை வாங்கிச் சேர்த்து ஆலைகளுக்கு அனுப்பும். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் பங்குதாரர் பிள்ளைகள் பழைய ஐபேடுகளை வாங்கி அனுப்பியதால், களத்துக்கு ஒன்று கிடைத்தது. மற்ற எந்தக் களத்திலும் செயலி விழவில்லை. பூதலூரில் மட்டும்தான்.

இவ்வளவுதான் ஃபிளோராவுக்குத் தெரிந்திருந்தது: மீட்டர் பதில் சொல்லும் கணத்தில் செயலி சாகிறது. சாகும் முன் ஐபேடு ஒரு மரண வாக்குமூலம் எழுதிவைக்கும். அதில், தனக்குச் சொந்தமில்லாத நினைவகத்தைச் செயலி தொட்டுவிட்டது என்று இருந்தது. ஏன் தொட்டது என்று இல்லை.

மதியம் குணசேகரன் போன் செய்தார். கம்பெனியின் செயலாளர்.

“மேடம், இன்னிக்கு சாயந்திரம் போர்டு மீட்டிங். அமிர்தம் விஷயத்தை முடிச்சிடலாம்னு இருக்காங்க. உங்க காதுல ஒரு வார்த்தை போட்டுடலாம்னுதான்.”

“எந்த அமிர்தம் சார்? என்ன விஷயம்?”

“பூதலூர் களத்துல ஈரம் பாக்குறவங்க. நீங்கதானே எழுதி அனுப்பினீங்க, ஆப் ஒரே ஒரு ஆளுகிட்டதான் விழுதுன்னு. அப்ப அந்தம்மா தானா மூடுறாங்கன்னு ஆகுதுல்ல? வேண்டியவங்க நெல்லு ஈரமா இருந்தா மூடிட்டு வேற எடுத்து அளக்குறாங்கன்னு ஊர்ல பேச்சு.”

“நான் அப்படி எழுதல சார்.”

“அப்படி எழுதல மேடம். ஆனா அப்படித்தான் படிக்கிறாங்க.”

‘இந்தக் கோளாறு ஒரே ஒரு பயனரிடம் மட்டும் நிகழ்கிறது’ என்று எழுதியது ஃபிளோராதான். கணினிக்காரர்கள் கோளாறின் இடத்தைக் குறுக்கிக் காட்ட எழுதும் வாக்கியம் அது. ஒரு மனுஷியைக் கூண்டில் ஏற்றும் வாக்கியமாகவும் அதை வாசிக்கலாம் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை.

“மீட்டிங்குக்கு முன்னாடி நான் களத்துக்குப் போயிடறேன். நீங்களும் அங்க வாங்க சார்,” என்றாள். லேப்டாப்பைப் பையில் திணித்துக்கொண்டு ஸ்கூட்டியை எடுத்தாள்.

வழியெல்லாம் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. அறுவடை மெஷின்கள் மழையை முந்தப் பார்த்து வயலில் அலறிக்கொண்டிருந்தன. ரோட்டோரம் காயப்போட்ட நெல்லைப் பெண்கள் அவசரமாகக் கூட்டிக் குவித்தார்கள். ஈர நெல் ரெண்டு நாள் குவியலில் கிடந்தால் முளைவிட்டுவிடும். அதனால்தான் ஈரப்பதம் என்கிற ஒற்றை எண்ணுக்கு இந்த மண்ணில் அத்தனை மரியாதை. பதினேழு சதவீதத்துக்குள் இருந்தால் மூட்டை பிடிக்கலாம். தாண்டினால் இன்னொரு நாள் வெயிலுக்குக் காத்திருக்க வேண்டும். வெயில் யார் கையில் இருக்கிறது?

களத்தில் தகரக் கொட்டகைக்குக் கீழே ஒரு மேசை. அமிர்தம் அங்கே உட்கார்ந்திருந்தாள். நாற்பதைத் தாண்டியவள், ஒல்லி, முந்தானையை இழுத்துச் செருகியிருந்தாள். வெளியே குவியல்களைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு ஆட்கள் வரிசையில் நின்றார்கள்.

“என்னை நிறுத்தத்தான் வந்திருக்கீங்களா மேடம்?” என்றாள், ஐபேடிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“இல்லக்கா. ஆப் ஏன் விழுதுன்னு பாக்க வந்தேன்.”

“நான்தான் தள்ளிவிடுறேன்னு சொல்றாங்களே. பாருங்க, நல்லா பாருங்க.”

ஃபிளோரா ஐபேடை லேப்டாப்போடு ஒயரால் இணைத்தாள். செயலியை ஒரு தனி நிலையில் இயக்கினாள். டெவலப்பர்கள் அதற்கு ஸோம்பி என்று பேர் வைத்திருக்கிறார்கள், பேய்ப்படப் பெயர்தான், ஆனால் அருமையான ஏற்பாடு. செயலிக்குள் திரை, பட்டியல், படம் என்று எல்லாமே தனித்தனிப் பொருள்கள். ஒவ்வொன்றையும் எத்தனை பேர் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று ஐபேடு எண்ணிக்கொண்டே இருக்கும். கடைசிக் கை விட்டதும் அந்தப் பொருளை அழித்து, அது இருந்த இடத்தை வேறொன்றுக்குக் கொடுத்துவிடும். ஸோம்பி நிலையில் கொடுக்காது. அழிந்த இடத்தில் ஒரு பொம்மையை நிறுத்திவைக்கும். பின்னால் யாராவது வந்து அழிந்தவரைக் கூப்பிட்டால், ‘இங்கே இருந்தது இன்னார், இப்போது இல்லை’ என்று பொம்மை பதில் சொல்லும். கூப்பிட்டவர் கையும் களவுமாக மாட்டுவார்.

“நீங்க வழக்கமா எப்படிப் பண்ணுவீங்களோ அப்படியே பண்ணுங்கக்கா.”

“வழக்கமா எல்லாரும் பண்ற மாதிரிதான். கப்புல நெல்லைப் போடுவேன், பட்டனைத் தொடுவேன்.”

அமிர்தம் அளந்தாள். ஒருவர் முடிந்து இன்னொருவர் வந்தார். ஃபிளோராவின் கண் லேப்டாப்பில் ஓடும் வரிகளிலேயே இருந்தது. பார்க்கிறார்கள் என்ற படபடப்பில் அமிர்தத்தின் கை வழக்கத்தைவிட வேகமாக ஓடியது. செயலி விழவில்லை.

“நீங்க வந்தா மட்டும் ஒழுங்கா இருக்கு பாருங்க,” என்றாள் அமிர்தம். “அவங்ககிட்ட போயி நான் சொன்னா நம்புவாங்களா?”

அப்போது குணசேகரனின் பைக் வந்து நின்றது. அவர் கொட்டகைக்குள் வந்து, கைகட்டி, ஒரு மூட்டை மேல் சாய்ந்தார். வரிசையில் அடுத்து நின்ற சாரங்கபாணி, வேட்டியை மடித்துக் கட்டியபடி, அவரைப் பார்த்ததும் குரலை உயர்த்தினார்.

“வாங்க செக்ரட்டரி. மழை வர்ற அன்னிக்குத்தான் உங்களுக்குக் களத்து ஞாபகம் வருமா?”

“உங்க நெல்லைப் பாத்துட்டுப் போகலாம்னுதான்ணே.”

“பாருங்க, பாருங்க. பாத்தா காசா பணமா. ஏம்மா அமிர்தம், என் நெல்லுக்கு மட்டும் மீட்டரு சளி புடிச்ச மாதிரி இழுக்குமே, இன்னிக்காவது மருந்து குடுத்தியா?”

அமிர்தத்துக்கு அந்தக் களேபரத்திலும் சிரிப்பு வந்தது. “உங்க நெல்லு வயல்ல நின்னதைவிட வாய்க்கால்ல நின்னதுதான் அதிகம் மாமா. மீட்டரு என்ன பண்ணும்?” என்று சொல்லியபடியே ஓரத்திலிருந்த அவர் குவியலின் மேலிருந்து கப்பில் அள்ளி வந்தாள், பட்டனைத் தொட்டாள், வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தாள், திரையில் இன்னொரு தொடு தொட்டாள். பிறகு கப்பைக் கையில் பிடித்தபடி, அவர் மருமகளுக்குக் குழந்தை பிறந்துவிட்டதா என்று கேட்டாள். பிறந்துவிட்டது, பெண் என்று அவர் சொல்ல ஆரம்பித்தார்.

செயலி விழுந்தது.

லேப்டாப்பில் ஒரு வரி வந்து நின்றது. அளவுத் திரைக்கு ஒரு சேதி வந்தது, ஆனால் அளவுத் திரை ஏற்கெனவே அழிந்துவிட்டது.

ஃபிளோரா அந்த வரியை மறுபடி படித்தாள். அளவுத் திரை எப்படி அழியும்? எண் வரும்வரை அது அங்கேயேதானே இருக்கும்? எண்ணைப் பார்க்கத்தானே ஒருவர் அளக்கிறார்?

“அக்கா, இப்ப என்ன பண்ணீங்க?”

“ஒண்ணும் பண்ணலையே.”

“பட்டனைத் தொட்ட பிறகு இன்னொரு தடவை தொட்டீங்க.”

“அதுவா? லாபம் போட்டேன்.”

“என்ன போட்டீங்க?”

“லாபம் மேடம். மொதக் கப்பு. களத்துல நெல்லு அளக்கும்போது ஒண்ணுன்னா ஆரம்பிப்பாங்க? லாபம், ரெண்டு, மூணுன்னுதானே. லாபத்துக்கு நம்பர் சொல்றதில்ல. மொதக் கப்பைப் போட்டு, லாபம்னு சொல்லிட்டு, அந்தப் பின்னாடி போற அம்பைத் தொட்டுடுவேன். அப்புறம் மூணு தடவை அளப்பேன், ஆப்பு கேக்குற மாதிரி. எங்கப்பா மரக்கா புடிச்சு நெல்லு அளந்தவரு. சின்னதுலேருந்து காதுல விழுந்தது.”

ஃபிளோரா டவுனில், மெடிக்கல் காலேஜ் ரோட்டில் பிறந்து வளர்ந்தவள். நெல்லைச் சோறாகத்தான் தெரியும். ஆனாலும் அந்தக் கணத்தில் முழு இயந்திரமும் அவளுக்குள் ஒன்றோடொன்று பல் கோத்துச் சுழன்றது.

மீட்டர் நெல்லுக்குள் லேசாக மின்சாரத்தை விட்டு, ஈரம் எவ்வளவு என்று யோசித்துச் சொல்ல ஒரு சில நொடிகள் எடுக்கும். அதுவரை செயலி சும்மா நிற்காது. ‘பதில் வந்தால் இந்த முகவரியில் சொல்’ என்று ஒரு முகவரியைக் கொடுத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கும். பதிலை வாங்கிக்கொள்ள நியமிக்கப்பட்டவருக்குத்தான் டெலிகேட் என்று பேர். அவள் அளவுத் திரையையே டெலிகேட்டாக நியமித்திருந்தாள். பின்னால் போகும் அம்பைத் தொட்டால் அந்தத் திரை அழிந்துவிடும். மீட்டருக்கு அது தெரியாது. வாடகைக்கு இருந்தவர் காலி செய்துவிட்டுப் போன வீட்டில் கேஸ் சிலிண்டரைக் கொண்டுவந்து இறக்குபவர் மாதிரி, பழைய முகவரிக்கே போய்க் கதவைத் தட்டும். அங்கே இப்போது யார் இருக்கிறார்களோ, சுவர்தான் இருக்கிறதோ. செயலி சாகும்.

அமிர்தம் அவசரமாக அளக்கும்போது ஏன் விழவில்லை என்பதும் புரிந்தது. அவள் உடனே அடுத்த அளவுத் திரையைத் திறந்துவிட்டால், அந்தப் புதுத் திரை பழைய அளவை ரத்து செய்துவிட்டுத் தன் முகவரியை மீட்டரிடம் கொடுத்துவிடும். லாபத்துக்கும் அடுத்த கப்புக்கும் நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்தால்தான் ஆபத்து. ஆபீசில் ஃபிளோராவிடம் யாரும் பேச்சுக் கொடுக்கவில்லை. அதோடு அவள் ஒவ்வொரு கப்புக்கும் எண்ணுக்காகக் காத்திருந்தாள்.

சொல்லிவிடலாம் என்று தலையைத் தூக்கினாள். குணசேகரனின் முகம் இறுகியிருந்தது.

“அப்ப மொத நம்பரை வரவிடாம மூடுறீங்க,” என்றார் அமிர்தத்திடம். “ஒத்துக்கிறீங்க.”

அமிர்தத்தின் கையில் கப்பு இருந்தது. அதிலிருந்து நெல் கொஞ்சம் கொஞ்சமாகச் சிந்தியதை அவள் கவனிக்கவில்லை.

“சார், கொஞ்சம் இருங்க,” என்றாள் ஃபிளோரா. “ஆப் விழுந்தது என் தப்பு. அவங்க மூடல. ஒரு திரையிலேருந்து பின்னாடி வர்றது யாரும் பண்ணக்கூடியதுதான். அதுக்கு ஆப் சாகக்கூடாது.”

“ஆப்பை விடுங்க மேடம். அதை நீங்க சரி பண்ணிடுவீங்க. நம்பரை ஏன் தள்ளுறாங்க? போர்டுல இதைத்தான் கேப்பாங்க.”

“நீங்களே ஒரு தடவை பண்ணிப் பாருங்க.” அவள் செயலியை மறுபடி திறந்து, ஐபேடை அவர் பக்கம் திருப்பினாள். “கப்பைப் போடுங்க. பட்டனைத் தொடுங்க. லாபம்னு சொல்லிட்டு அம்பைத் தொடுங்க. … என்ன நம்பர் வந்தது?”

“வரலையே. ஆப்தான் மறுபடி விழுந்துடுச்சு.”

“வராத நம்பரை எப்படிப் பிடிக்கலைன்னு தள்ளுவாங்க?”

குணசேகரன் முட்டாள் இல்லை. கப்பிலிருந்து நாலு நெல்லை எடுத்து உள்ளங்கையில் உருட்டினார். “மேடம், இவங்களுக்கு மீட்டரு எதுக்கு? கைல எடுத்தாலே ஈரம் தெரிஞ்சிடும். கடிச்சுப் பாத்தா பதினேழா பதினெட்டான்னே சொல்லுவாங்க. கைல பாத்துட்டுத் தள்ளலாம்ல?”

கம்ப்யூட்டரில் இருக்கும் எந்தப் பதிவும் ஒரு கைக்கு என்ன தெரிந்தது என்று சொல்லாது. காரணத்தைக் கண்டுபிடித்ததே அமிர்தத்தின் கழுத்துக்குக் கயிறாகிவிடுமோ என்று ஃபிளோரா நினைத்தாள். அவள் இங்கே வராமலே இருந்திருந்தால், வெறும் சந்தேகமாகவாவது இருந்திருக்கும்.

“கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்,” என்றாள் அமிர்தம் மெதுவாக. “யாரும் என்னைக் கேக்கல. மூடுறியான்னுதான் கேட்டாங்க. நான் மூடல.”

சாரங்கபாணிக்குத்தான் பொறுமை போனது. வெளியே தூறல் விழ ஆரம்பித்திருந்தது. அவர் குவியல்தான் கொட்டகைக்கு வெளியே ஓரத்தில் இருந்தது.

“இருங்கய்யா, இந்தப் பஞ்சாயத்துல என் நெல்லு முளைச்சிடும். செக்ரட்டரி, அந்த மொதக் கப்பை இவ எங்கேருந்து அள்ளுறான்னு பாத்தீங்களா? குவியல் மேலேருந்து. மேல கிடக்குறது காலைலேருந்து வெயில் குடிச்ச நெல்லு. களத்துலயே நல்லா காஞ்ச நெல்லு அதான். அதைத்தான் லாபம்னு சொல்லி மகராசி தள்ளிவிடுறா. அப்புறம் கைய உள்ள விட்டு ஈரத்தைத் தோண்டி எடுத்து ரெண்டு, மூணுன்னு அளக்குறா. லாபம் லாபம்னா யாருக்கு லாபம்? எனக்கா? எத்தனை தடவை சண்டை போட்டிருப்பேன் தெரியுமா இவகிட்ட?”

“ஆமா, போட்டிருக்காரு,” என்றார் வரிசையில் நின்ற ஒருவர். “மொதக் கப்பையும் சேருன்னு எல்லாரும்தான் சொல்லிப் பாத்தோம்.”

“லாபத்தைக் கணக்குல சேக்கக்கூடாதுங்க,” என்றாள் அமிர்தம். அந்த விஷயத்தில் மட்டும் அவள் குரல் அசையவில்லை.

குணசேகரன் கொட்டகையை விட்டு வெளியே போனார். தூறலில் நின்று தார்ப்பாயைத் தூக்கி, குவியலின் மேலிருந்து ஒரு பிடி, கையை முழங்கைவரை விட்டு உள்ளேயிருந்து ஒரு பிடி எடுத்தார். இரண்டையும் உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார். திரும்பி வந்தபோது அவர் யாரையும் பார்க்கவில்லை.

“வேண்டியவங்களுக்குச் சாதகம் பண்றவ இப்படிப் பண்ண மாட்டா,” என்றார் ஃபிளோராவிடம். பிறகு, அது தப்பான திசை என்று அவருக்கே பட்டிருக்க வேண்டும், அமிர்தத்தின் பக்கம் திரும்பினார். “நான் போர்டுல சொல்றேன். ஆனா அங்க ரெண்டு பேரு, இது இன்னொரு தடவை விழுந்தா என்னையே கேப்பாங்க. மேடம், இப்ப சரி பண்ண முடியுமா?”

“முடியும்.”

“நாளைக்கு நான் வரலாமா?” என்று அமிர்தம் கேட்டாள்.

“மேடம் கைலதான் இருக்கு,” என்றார் அவர்.

ஃபிளோரா ஒரு மூட்டையின் மேல் லேப்டாப்பை வைத்து உட்கார்ந்தாள். தகரத்தில் மழை பொரிய ஆரம்பித்தது. முதலில் அவள் திறந்தது தன் நிரலை அல்ல. மீட்டர் செய்தவர்கள் சேர்த்துக் கொடுத்த பழைய நிரலை. இத்தனை நாளில் அதை ஒருமுறைகூட அவள் திறந்து பார்த்ததில்லை. இந்தக் காலத்தில் டெலிகேட்டை எல்லோரும் வீக் என்றே அறிவிப்பார்கள். வீக் என்றால், ‘நான் உன்னைப் பிடித்துவைக்க மாட்டேன், ஆனால் நீ போனால் உன் முகவரி தானாக வெறுமையாகிவிடும்.’ வெறும் முகவரிக்கு அனுப்பும் சேதி காற்றோடு போகும், யாருக்கும் சேதமில்லை. இங்கேயும் அப்படித்தான் இருக்கும் என்று நம்பிவிட்டிருந்தாள்.

அங்கே வீக் இல்லை. அசைன் என்று இருந்தது. பழைய வழக்கம். பிடித்தும் வைக்காது, போனால் தெரிந்தும் கொள்ளாது. குறித்த முகவரியை நாள் முழுவதும் அப்படியே வைத்திருக்கும். அந்த ஒரு சொல்லுக்காக ஒரு பெண் இத்தனை நாள் ஊர்ப்பேச்சில் அடிபட்டிருக்கிறாள் என்று நினைத்தபோது ஃபிளோராவுக்குக் கோபம் வந்தது. மீட்டர்காரர்கள்மேல் பாதிதான். மீதியை எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியும்.

அந்த நிரலைத் திருத்த அவளுக்கு அனுமதி இல்லை. தன் பக்கத்தைத்தான் மாற்ற வேண்டும். மாற்றினாள், ஐபேடில் ஏற்றினாள், ஸோம்பி நிலை அப்படியே இருக்கட்டும் என்று விட்டாள்.

“அக்கா, லாபம் போடுங்க. போட்டுட்டு மாமாகிட்ட பேத்தியைப் பத்திக் கேளுங்க. எவ்வளவு நேரம் வேணா பேசுங்க.”

அமிர்தம் கப்பை நிரப்பினாள். பட்டனைத் தொட்டாள். “லாபம்,” என்றாள், இந்தத் தடவை எல்லோருக்கும் கேட்கும்படி. அம்பைத் தொட்டாள். சாரங்கபாணியைப் பார்த்தாள். அவரே ஆரம்பித்தார்.

“பேரு இன்னும் வைக்கல. மருமவ ஒண்ணு சொல்றா, எம்மவன் ஒண்ணு சொல்றான். நான் வாயத் தொறந்தா ரெண்டு பேரும் ஒண்ணாயிடுறாங்க.”

ஃபிளோரா வரிகளைப் பார்த்தாள். மீட்டரின் பதில் வந்தது. வாங்க ஆள் இருந்தது. காட்டத் திரை இல்லை. பதில் எறியப்பட்டது. செயலி விழாமல் நின்றது. இன்னொரு குவியலுக்கும் செய்தார்கள். அம்பை மீட்டர் ஓடும் நடுவில் தொட்டார்கள், முடியும் தறுவாயில் தொட்டார்கள், குணசேகரன் தன் தடித்த விரலால் இரண்டு மூன்று தடவை படபடவென்று தொட்டுப் பார்த்தார். செயலி விழவில்லை.

அவர் போனை எடுத்துத் தலைவரைக் கூப்பிட்டார். “பூதலூர் களத்துக்கு ஆள் மாத்த வேணாம்ணே. அமிர்தமே இருக்கட்டும். தப்பு ஆப்புல… ஆமா, கண்டுபிடிச்சாச்சு.” போனைக் கையால் பொத்திக்கொண்டு ஃபிளோராவைப் பார்த்தார். “என்ன பண்ணி சரி பண்ணீங்கன்னு கேக்குறாரு. புரியற மாதிரி சொல்லுங்க.”

ஃபிளோரா சொன்னாள். மீட்டரின் பதிலை வாங்கும் வேலையை அளவுத் திரையிடமிருந்து எடுத்துவிட்டேன். செயலி திறந்திருக்கும்வரை அழியாத ஒரு பொருளிடம் அதைக் கொடுத்திருக்கிறேன். அந்தப் பொருள் திரையை வீக்காக மட்டும் அறிந்திருக்கும். பதில் வரும்போது திரை இருந்தால் எண்ணைக் காட்டும், திரை போயிருந்தால் எண்ணை விட்டுவிடும். இனி லாபத்துக்கு நம்பர் வராது, செயலியும் விழாது.